தீவுகளில் நோய்த் தடுப்பு: இலட்சத்தீவின் படிப்பினை

புதிய சுவாச நோயொன்று உலகில் பரவத் தொடங்கும்போது, தீவுகளுக்குக் கடலே முதல் அரணாகும். கப்பலும் விமானமும் வந்து சேரும் வாயில்கள் சிலவே. அவற்றைக் காத்தால் நோயின் வருகையைத் தள்ளிப்போடலாம். ஆனால், என்றென்றைக்கும் தடுத்துவிட இயலாது. இலட்சத்தீவின் அனுபவம் இதனை நன்கு விளக்குகிறது.

இந்த யூனியன் பிரதேசத்தில் மக்கள் வாழும் தீவுகள் 10. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 64,000. கோவிட் பரவிய 2020இல், இங்குச் செல்வோர் கொச்சியில் சில நாட்கள் தனித்திருந்து, நோயில்லை என்று உறுதியான பின்னரே கப்பலேற அனுமதிக்கப்பட்டனர். அவ்வாண்டு முழுவதும் தீவுகளில் ஒருவருக்கும் இந்நோய் காணப்படவில்லை.

எனினும், மருத்துவம், கல்வி, உணவுப்பொருள் ஆகியவற்றுக்குத் தீவினர் கேரளத்தையே பெரிதும் நம்பியுள்ளனர். எனவே கட்டுப்பாடு நீடிப்பதும் பெருஞ்சுமையே. டிசம்பரில் விதி தளர்த்தப்பட்டு, 48 மணி நேரத்திற்குள் எடுத்த பரிசோதனைச் சான்று போதும் என்றாயிற்று. தொற்றிய முதற் சில நாட்களில் பரிசோதனை நோயைக் காட்டாமற்போகலாம். ஆகவே ஒரே சான்று முழுக் காப்பாகாது. 2021 ஜனவரி 18ஆம் நாள் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். பின்னர் 11,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில், கடற்படையின் 'சாரதா' கப்பல் ஆக்சிஜன் உருளைகளைக் கவரத்திக்குக் கொண்டுசென்றது. காலி உருளைகளை நிரப்புவதற்கு மீண்டும் கொச்சிக்கே எடுத்துவர வேண்டியிருந்தது. தீவில் உற்பத்தி வசதி இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

2011இல் 271 பேரே வாழ்ந்த பித்ரா போன்ற தீவில் சிறப்பு மருத்துவமனை அமைப்பது சிக்கனமாகாது. ஆனால் ஆக்சிஜன் செறிவூட்டி, அதனை இயக்கப் பயிற்சி பெற்ற செவிலியர், மாதிரி சேகரிக்கும் வசதி ஆகியன ஒவ்வொரு தீவிலும் இருத்தல் வேண்டும். பெரிய தீவுகளில் ஆய்வுக்கூடமும் ஆக்சிஜன் ஆலையும் அமையலாம். கடுநோயாளிகளைக் கொச்சிக்கு அனுப்பும் ஹெலிகாப்டர், கப்பல் ஏற்பாடுகளை முன்கூட்டியே வகுத்தல் வேண்டும். பருவமழையில் கடற்பயணம் தடைப்படுமாதலால், மருந்துகளை அதற்கு முன்பே சேமித்தல் நலம்.

வாயிலைக் காப்பதால் கிடைக்கும் மாதங்கள் ஒருவகை மூலதனமே. அதனை இப்பணிகளில் முதலீடு செய்யாவிடில், நோய் நுழையும் நாளில் தீவினர் மறுபடியும் கரையிலிருந்து வரும் கப்பலையே எதிர்நோக்கி நிற்க நேரிடும்.