பழைய இரும்பு சிலாட் ஆடுகிறது

மலேசியாவின் பேராக் மாநிலத்து அரச நகரான கோலகங்சாரில் 1967-இல் பிறந்தவர் சிற்பி ராஜா ஷாரிமான். மாரா தொழில்நுட்பக் கழகத்தில் நுண்கலை படித்தவர். பழைய இரும்புக் கடையில் எடைபோட்டு வாங்கும் உலோகத் துண்டுகள் இவர் கைபட்டதும் போர்வீரர்களாக எழுந்து நின்றன. 1990களின் நடுவில் வந்த 'கெராக் தெம்பூர்' சிற்ப வரிசை அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட்டின் அசைவுகளில் உறைந்த உருவங்கள் அவை. கைகால்கள் ஆயுதம்போலக் கூர்ந்திருக்கும்.

கல்தச்சர் கல்லைச் செதுக்கிக் கழிப்பார். வார்ப்புக் கலைஞர் உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுவார். கழிவு உலோகச் சிற்பியோ துண்டோடு துண்டைச் சேர்த்துப் பற்றவைக்கிறார். கிடைக்கும் துண்டின் வளைவும் கனமும் உருவத்தைப் பாதி தீர்மானித்துவிடும்.

எல்லா இரும்பும் எளிதில் ஒட்டாது. வார்ப்பிரும்பில் கரிமம் அதிகம். வெல்டிங் சூட்டில் விரிசல் விடும். அதை முன்கூட்டியே சூடேற்றி, மெல்ல ஆறவிட வேண்டும். துத்தநாகம் பூசிய தகரத்தைச் சுட்டால் எழும் புகை காய்ச்சலை வரவழைக்கும். பூச்சை அகற்றிய பிறகே வேலை.

பற்றவைக்கும் இந்த உத்தி தொழிற்சாலையிலிருந்தே வந்தது. ஸ்பானியச் சிற்பி ஹூலியோ கொன்சாலஸ் 1918-இல் பிரான்சின் ரெனோ ஆலையில் வெல்டிங் கற்றார். பிக்காசோ 1942-இல் சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் இணைத்துக் காளைத் தலை செய்தார். அமெரிக்கச் சிற்பி சகாயா புக்கர் தேய்ந்த டயர்களை அறுத்துப் பெரும் சிற்பங்களாக்குகிறார். பிக்காசோவின் படைப்பைப் போலவே, பார்ப்பவருக்குச் சீட்டும் தெரிய வேண்டும், காளையும் தெரிய வேண்டும். பொருளின் பழைய வேலை மறைந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் மலிவான மூலப்பொருள்தான்.

பேராக்கில் பழைய வேலையைச் சொல்லும் பொருளுக்குப் பஞ்சமில்லை. ரப்பரும் வெள்ளீயமும் விளைந்த மண் இது. 1877-இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று கோலகங்சாரில் இன்றும் மரமாக நிற்கிறது. பத்து காஜாவை அடுத்த தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டிய, சுமார் 4,500 டன் எடையுள்ள வெள்ளீயம் தோண்டும் கப்பல் 1982 வரை உழைத்தது. இப்போது பார்வையாளர்களுக்காகப் பாதுகாக்கப்படுகிறது. ஆனால், செம்பனைக்கு மாறிய தோட்டங்களில் தமிழர்கள் புழங்கிய கருவிகளுக்கு அந்த அளவு கவனிப்பு இல்லை. பால் மரம் வெட்டிய கத்தி, காண்டா என்னும் தோள்கழியில் தொங்கிய வாளி, ரப்பர் பாலைத் தகடாக்கிய உருளை ஆகியவை பழைய இரும்புக் கடைக்காரருக்கு வெறும் எடைதான்.

ஈப்போ வட்டாரத்தில் யார் வீட்டுக் கொட்டகையிலாவது இவை கிடந்தால், விற்பதற்கு முன் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியையோ சிற்பம் பயிலும் இளைஞரையோ கேட்டுப் பாருங்கள். கொடுக்கும்போது தோட்டத்தின் பெயரையும், கருவியைப் பயன்படுத்தியவர் செய்த வேலையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.