கையால் போட்டால் நிற்குது, பூட் ஆனால் போச்சு!



எங்கள் புராஜெக்ட்டில் ஒரே லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள். இரண்டையும் பிரிட்ஜ் மூலம் லேப் நெட்வொர்க்கில் சேர்த்திருந்தோம். ரிவியூ அன்று கரன்ட் போய் வந்தது. மெஷின் பூட் ஆனதும் 'பிங்' நின்றுபோச்சு. "செட்டிங்கை ஃபைலில் எழுதலையாப்பா?" என்றார் சார். எழுதித்தான் இருந்தோம்! மார்க் போனதைவிட, மூட்டை தூக்கி ஃபீஸ் கட்டும் அப்பாவிடம் என்ன சொல்வது என்பதுதான் எனக்குப் பயம்.

விஷயம் இதுதான். பிரிட்ஜில் போகும் பாக்கெட்டை ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலிடம் காட்ட வேண்டுமா என்பதை 'நெட்.பிரிட்ஜ்.பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ்' என்ற செட்டிங் முடிவு செய்யும். 1 என்றால் காட்டும், 0 என்றால் காட்டாது. எங்கள் ஃபயர்வால் ஃபார்வர்ட் பாக்கெட்டுகளைத் தடுப்பது. அதனால் '/ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி' டைரக்டரியில் 0 என்று எழுதினோம்.

ஆனால் 2014-இல் வந்த கெர்னல் 3.18 முதல் இந்த செட்டிங் 'பிஆர்_நெட்ஃபில்டர்' என்ற தனி மாட்யூலுக்குள் இருக்கிறது. மாட்யூல் ஏறினால்தான் செட்டிங்கே உண்டாகும். ஏறும்போது அதன் மதிப்பு 1.

காலையில் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது நாம் இன்னும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தால் ஆப்சென்ட்தானே? அதே கதைதான். பூட் தொடக்கத்திலேயே 'சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல்' நம் ஃபைலைப் படித்துவிடுகிறது. அப்போது மாட்யூல் வரவில்லை. எழுத இடமில்லாமல் விட்டுவிடுகிறது. பிறகு மாட்யூல் வந்து 1 என்று உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் கையால் 'சிஸ்சிடிஎல் --சிஸ்டம்' கொடுத்தால் மட்டும் சரியாகிறது.

உங்களுக்கும் இப்படி ஆனால்:

1. 'ஜர்னல்சிடிஎல் -பி -யூ சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல்' கொடுங்கள். அப்படி ஒரு ஃபைலே இல்லை என்ற வரி இருந்தால் இதே கோளாறுதான்.

2. '/ஈடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி' டைரக்டரியில் '.கான்ஃப்' என்று முடியும் ஃபைல் ஒன்றில் 'பிஆர்_நெட்ஃபில்டர்' என ஒரே வரி எழுதுங்கள். அந்த மாட்யூல்கள் சிஸ்சிடிஎல்லுக்கு முன்பே ஏறிவிடும்.

3. அந்த வரி இல்லையென்றால், பெயர் வரிசையில் பின்னால் வரும் வேறு ஃபைல் உங்கள் மதிப்பை மாற்றுகிறதா பாருங்கள்.

4. ரீபூட் செய்து பாருங்கள். இதைத்தான் நாங்கள் செய்யவில்லை.

அன்றிரவு அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். "லாரி வர்றதுக்கு முன்னாடி லோடு இறக்கச் சொன்னா யாரு இறக்குவா?" என்றார். எனக்கு இரண்டு நாள் பிடித்தது, அவருக்கு ஒரு நிமிஷம்தான்.

அடுத்த ரிவியூவில் நானே சுவிட்சை அணைத்துப் போட்டேன். பிங் வந்தது.