கருவாடும் ஹைட்ரஜனும்

இந்தக் கிழமை எபிசோட்டில் ஹைட்ரஜனைப் பற்றிக் கதைக்கேக்க, "மூன்றில் இரண்டு பங்கு கரண்டை வீணாக்கிற வேலை" எண்டு ஒரே வசனத்தில சொல்லி முடிச்சிட்டன். பதிவு முடிஞ்ச பிறகுதான் யோசிச்சன், அது அரைவாசி உண்மை. மற்ற அரைவாசியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. காற்றாலையில் இருந்து 100 யூனிட் மின்சாரம் வருகிறது என்று வையுங்கோ. அதை எலக்ட்ரோலைசருக்குள் விட்டால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். அங்கேயே ஏறக்குறைய 35 யூனிட் போய்விடும். வாயுவை அமுக்கித் தொட்டியில் அடைக்க இன்னும் கொஞ்சம். பிறகு ஃபியூவல் செல்லில் திரும்ப மின்சாரமாக்கும்போது மிச்சத்தில் பாதி வெப்பமாகப் போகும். கடைசியில் கைக்கு வருவது சுமார் 30. லித்தியம் பேட்டரி என்றால் சுமார் 85 திரும்பி வரும்.

அப்ப ஏன் ஹைட்ரஜன்? நோர்வேயின் மேற்குக் கரைக்கு அப்பால் உத்சிரா எண்டு ஒரு குட்டித் தீவு. ஏறக்குறைய 200 பேர்தான். 2004இல் நோர்ஸ்க் ஹைட்ரோவும், எனர்கோன் என்ற ஜெர்மன் காற்றாலைக் கம்பனியும் சேர்ந்து அங்கே பத்து வீடுகளுக்குக் காற்றாலும் ஹைட்ரஜனாலும் மட்டுமே மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். காற்று கூடினால் மிஞ்சியது ஹைட்ரஜனாகும். காற்று நின்றால் அந்த ஹைட்ரஜன் ஒரு எஞ்சினையும் ஃபியூவல் செல்லையும் ஓட்டும். தொட்டியில் இருந்தது இரண்டு மூன்று நாளுக்குக் காணும்.

இதில கவனிக்க வேண்டிய ஒன்று: மின்சாரத்தில் வரவும் செலவும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். அந்த வேகத்துக்கு ஹைட்ரஜன் ஓடாது. அதனால் நொடிக் கணக்கைச் சமாளிக்க உத்சிராவில் ஒரு சுழல்சக்கரமும் ஒரு பேட்டரியும் இருந்தன. நாள் கணக்கைத்தான் ஹைட்ரஜன் பார்த்தது.

2008 வரை அது ஓடியது. வீடுகளில் லைட் எரிந்தது. ஆனால் ஃபியூவல் செல் நினைத்ததை விடக் கெதியாகத் தேய்ந்துபோனது. நான் எபிசோட்டில் சொன்ன நட்டமும் அங்கே தெளிவாகத் தெரிந்தது.

இனி நான் விட்ட பகுதி. பேட்டரியில் இரண்டு மடங்கு சேமிக்க இரண்டு மடங்கு பேட்டரி வாங்க வேண்டும். ஹைட்ரஜனில் மெஷின் அதே மெஷின், தொட்டி மட்டும் பெரிசானால் போதும். அந்தத் தொட்டி நிலத்துக்கு அடியில் உப்புப் பாறையில் குடைந்த குகையாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், டெல்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் இப்படி இரண்டு குகைகளைத் திட்டமிட்டார்கள். இரண்டும் சேர்ந்து 300 கிகாவாட் மணி. வீட்டுச் சுவரில் மாட்டும் 13.5 யூனிட் பேட்டரியில் இதை அடைப்பதென்றால், 2 கோடிக்கு மேல் பேட்டரி வேண்டும்.

இப்ப அம்மாவின்ர குசினியை யோசியுங்கோ. இண்டைக்கு வாங்கின மீனை இரவைக்குக் காய்ச்சிறதெண்டால் ஃப்ரிட்ஜ் போதும். அது பேட்டரி. கடலுக்குப் போகேலாத மாரிக்கு எண்டால் கருவாடு வேணும். காயப்போட்டால் எடையில பாதிக்கு மேல போயிடும். அதை ஒருத்தரும் வீண் எண்டு சொல்றதில்லை.

வெயிலும் காற்றும் சேர்ந்து இல்லாத குளிர்கால நாட்களுக்கு ஜெர்மன்காரர் தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்: டுங்கல்ஃபிளௌட்ட. அந்த நாட்களுக்கு ஹைட்ரஜன். தினசரி இரவுக்கு பேட்டரி. என் வசனத்தை இப்படித் திருத்திக்கொள்ளுங்கோ.