ஒரு தடவை எழுதி ரெண்டு போனிலும் ஓட்டலாமா?



நம் நூலகத்துப் புத்தகப் பட்டியலை செல்போனில் தேடிப் பார்க்க ஒரு செயலி செய்யலாம் என்று கணினி மன்றத்தில் பேச்சு நடக்கிறது. நாங்கள் ஆறு பேர். அரையாண்டு லீவுக்குள் ஒரே ஒரு கருவியைத்தான் கற்றுக்கொள்ள முடியும். எதை? அதற்காகப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

சிக்கல் என்னன்னா, ஆண்ட்ராய்டுக்கு கோட்லின் அல்லது ஜாவா, ஐபோனுக்கு ஸ்விஃப்ட். ஒரே செயலியை ரெண்டு தடவை எழுதணும்! அந்த வேலையை மிச்சம் பண்ணத்தான் ரியாக்ட் நேட்டிவ், ஃப்ளட்டர் மாதிரி கருவிகள் வந்தன. முன்னதை 2015-ல் ஃபேஸ்புக் வெளியிட்டது. ஃப்ளட்டரின் 1.0 பதிப்பை கூகுள் 2018 டிசம்பரில் தந்தது.

ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவை நினைச்சுக்கோங்க. ஒரு குழு வசனத்தை மட்டும் கொண்டு போகும். மேடை, திரை, விளக்கு எல்லாம் அந்த ஊரில் இருப்பதுதான். ரியாக்ட் நேட்டிவ் இப்படி. எழுதும் கட்டம் வேண்டும் என்று ஜாவாஸ்கிரிப்டில் சொன்னால், ஆண்ட்ராய்டில் ஆண்ட்ராய்டின் கட்டமும் ஐபோனில் ஐபோனின் கட்டமும் வரும். முன்பு நடுவில் ஒரு 'பாலம்' வழியாகத்தான் சேதி போகும். சேதி குவிந்தால் தாமதம். 2024-ல் வந்த 0.76 பதிப்பிலிருந்து பாலம் இல்லாத புது அமைப்பே வழக்கமாகிவிட்டது.

ஃப்ளட்டர் குழுவோ திரை, விளக்கு எல்லாத்தையும் லாரியில் ஏத்திக்கிட்டுப் போகும். பட்டன், கட்டம் எல்லாவற்றையும் தானே வரையும். அதனால் ரெண்டு போனிலும் அச்சு அசலாக ஒரே தோற்றம். படம் துள்ளி ஓடும் செயலி என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். ஆனா லாரிச் சுமை இருக்கே! சின்னச் செயலிக்கும் சில எம்.பி. கூடும். டார்ட் என்ற மொழியைப் புதிதாகப் படிக்கவும் வேண்டும்.

கருவியின் ஆயுளையும் பார்க்கணும். ஃபோன்கேப்பை அடோபி 2020-ல் நிறுத்தியது. 2016-ல் ஸாமரினை வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2024 மே மாதத்தோடு அதற்கான ஆதரவை முடித்துக்கொண்டது. அதை நம்பிப் படிச்சவங்க பாடு பாவம்தான்!

எந்தக் கருவியும் தீர்க்காத ஒன்று உண்டு. ஐபோனுக்கான செயலியைக் கட்டி முடிக்க மேக் கம்ப்யூட்டர் வேண்டும். நம் லேபில் இருப்பதெல்லாம் விண்டோஸ். ஆப்பிள் கடையில் வைக்க வருஷம் 99 டாலர். கூகுள் பிளேயில் ஒரே தடவை 25 டாலர். உண்டியல் பணத்துக்கு எது கட்டும் என்று நீங்களே சொல்லுங்க.

என் ஓட்டு ரியாக்ட் நேட்டிவுக்கு. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் பிளஸ் ஒன் புத்தகத்திலேயே ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறது, பாதிக் கிணறு தாண்டியாச்சு. நமக்கு வேண்டியதும் பட்டியலும் தேடும் கட்டமும்தான். முதலில் ஆண்ட்ராய்டுக்கு விடுவோம். ஐபோன் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு இப்போதைக்கு அதே பட்டியல் ஒரு வலைப்பக்கமாக இருக்கட்டும். பிறகு எங்கேயாவது ஒரு மேக் கிடைத்தால், எழுதியதில் பெரும்பகுதியை அப்படியே ஐபோனுக்கும் பயன்படுத்தலாம்.

ஃப்ளட்டர்தான் வேணும்னு சொல்றவங்க வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் லேபுக்கு வாங்க. அன்னிக்குத்தான் முடிவு.