கத்தரியும் பசையும் - 7: ரோஜாவுக்குள் ஒரு குரங்கு

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வடக்கு லண்டனின் இஸ்லிங்டன் பொது நூலகத்தில் ரோஜா வளர்ப்பு பற்றிய புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்த வாசகரை அட்டையிலிருந்து ஒரு குரங்கு பார்த்தது.

காலின்ஸ் நிறுவனம் வெளியிட்ட ரோஜா வழிகாட்டி அது. எழுதியவர் பெர்ட்ரம் பார்க். மேலுறையில் நன்றாக விரிந்த ரோஜா. அதன் நட்டநடுவில், மகரந்தம் இருக்க வேண்டிய இடத்தில், குரங்கின் முகம். பேனாவால் யாரோ கிறுக்கியது அல்ல. வேறெங்கிருந்தோ கத்தரித்து, பூவின் வளைவுக்குத் தோதாக அளவு பார்த்து ஒட்டியது. உள்ளே எதுவும் மாறவில்லை. எப்போது உரமிடுவது, எந்தக் கிளையைக் கவாத்து செய்வது என்று புத்தகம் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகிறது. அட்டையில் மட்டும் குரங்கு.

சென்ற வாரம் பெர்லினில் இருந்தோம். 1920-இல் நடந்த முதல் சர்வதேச டாடா கண்காட்சியில், ஹன்னா ஹ்யோக் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி ஜெர்மன் அரசியல்வாதிகளைப் படுத்திய பாட்டைப் பார்த்தோம். அங்கே சுவர் இருந்தது, கேட்லாக் இருந்தது, கலைஞர்களின் பெயர் இருந்தது. இஸ்லிங்டனில் நடந்த இந்த இருவர் கண்காட்சிக்கு அவை எதுவும் கிடையாது. நூலக அடுக்குதான் சுவர். இரவல் வாங்க வந்தவர்கள்தான் பார்வையாளர்கள். அதைக் கண்காட்சி என்று சொல்வது மிகையல்ல. செய்தவர்களே அப்படித்தான் நடத்தினார்கள்: திருத்திய புத்தகத்தை மறுபடி அடுக்கில் வைத்துவிட்டு, ஒரு மூலையில் நின்று, எடுப்பவரின் முகத்தைக் கவனித்திருக்கிறார்கள்.

ஜோ ஆர்ட்டன், கென்னத் ஹாலிவெல் என்பவை அந்த இருவரின் பெயர்கள். 1951-இல் லண்டனின் ராடா நாடகப் பள்ளியில் சந்தித்தவர்கள். ஆர்ட்டன் லெஸ்டர் நகரத்துத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. அப்பா நகராட்சிப் பூங்காக்களில் தோட்டக்காரர். (ரோஜாப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.) ஹாலிவெல் அவரைவிட ஆறரை வயது மூத்தவர், கிரேக்கமும் லத்தீனும் கற்றவர். பதினோரு வயதில், குளவி கொட்டி அம்மா இறந்ததைக் கண்ணெதிரே பார்த்தவர். பின்னாளில் அப்பா கேஸ் அடுப்பில் தலையை வைத்துத் தற்கொலை செய்துகொண்டார். அவர் விட்டுப்போன சொத்தில்தான் இருவரும் பல ஆண்டுகள் காலம் தள்ளினார்கள். சேர்ந்து நாவல்கள் எழுதினார்கள். எந்தப் பதிப்பகமும் ஏற்கவில்லை.

1959-இல் இஸ்லிங்டன் நோயல் ரோட்டில் 25-ஆம் எண் வீட்டின் ஓர் அறைக்குக் குடிவந்தார்கள். இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம். அந்த அறையில்தான் மேலுறைகள் உருமாறின.

வேலை நடந்த விதம் இது. ஆர்ட்டன் ஒரு தோள்பையிலும், ஹாலிவெல் போர்க்காலத்து கேஸ் மாஸ்க் வைக்கும் பையிலுமாகப் புத்தகங்களை வெளியே கொண்டுவருவார்கள். வீட்டில் மேலுறையைக் கழற்றி, படம் ஒட்டி, மாட்டி, அதே பையில் திரும்பக் கொண்டுபோய் வைப்பார்கள். படத்தோடு நிற்கவில்லை. விக்டர் கொலான்ஸ் பதிப்பகத்தின் மஞ்சள் மேலுறைகளில் உள்மடிப்பு வெறுமையாக இருப்பதை ஆர்ட்டன் கவனித்தார். அந்த வெறும் மஞ்சளில் பொய்யான கதைச் சுருக்கங்களைத் தட்டச்சு செய்தார். டாரதி எல். சேயர்ஸின் துப்பறியும் நாவல் ஒன்றை நம்பி எடுத்தவருக்கு, உள்மடிப்பில் ஒரு பெண் போலீஸைப் பற்றிய படு விரசமான கதைச் சுருக்கம் கிடைத்தது. அசல் விளம்பரக் குறிப்புகளின் அதே பவிசான நடை, அதே தோரணை. கடைசியில், கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும்படி ஒரு பரிந்துரையும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது ஜான் பெட்ஜமன் பற்றிய ஆய்வு நூலின் அட்டை. பெட்ஜமன் அன்றைய இங்கிலாந்தின் செல்லக் கவிஞர். தேவாலயங்கள், ரயில் நிலையங்கள், புறநகர்த் தெருக்கள் என்று எழுதியவர். டெரிக் ஸ்டான்ஃபோர்டு எழுதிய அந்த நூலின் முகப்பில், கால்சட்டை மட்டும் அணிந்த நடுவயது மனிதர் ஒருவரின் புகைப்படத்தை ஒட்டினார்கள். உடம்பெல்லாம் பச்சை குத்திய மனிதர். சற்றும் கூச்சமில்லாமல் நிமிர்ந்து நிற்கிறார். அவருக்கு மேலே கவிஞரின் பெயர். பெயரையும் உடம்பையும் கண் ஒரே வீச்சில் சேர்த்துப் படித்துவிடுகிறது. அது தப்பு என்று புத்தி பின்னால் வந்து சொல்கிறது. நகைச்சுவைக் கொலாஜ் இந்த இடைவெளியில்தான் வேலை செய்கிறது. ஒட்டியவர் பெட்ஜமனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் நம் மனமே சொல்லிவிட்டுத் திகைக்கிறது.

ஃபிலிஸ் ஹாம்பிள்டனின் 'ராணியின் அன்பன்' என்ற சரித்திரக் காதல் நாவலுக்கு மேலாடை இல்லாமல் மல்லுக்கட்டும் இரண்டு ஆண்கள். அகதா கிறிஸ்டியின் ஒரு நாவலுக்கு ராட்சதப் பூனைகள். எம்லின் வில்லியம்ஸின் நாடகத் தொகுப்பில் அவர் எழுதாத நாடகங்களுக்கும் தலைப்பு ஏறியிருக்கிறது. அவற்றில் சில அச்சில் ஏற்றக்கூடியவை அல்ல.

ஏன் செய்தார்கள்? நூலகத்தில் குப்பை நாவல்கள் மலிந்து கிடக்கின்றன, கிப்பனின் ரோமாபுரி வரலாற்றைக் கேட்டால் கிடைக்கவில்லை என்ற ஆத்திரம்தான் காரணம் என்று ஆர்ட்டன் பின்னாளில் சொன்னார். ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆத்திரத்தில் செய்பவன் கிழிப்பான், மை ஊற்றுவான். குரங்கின் முகத்தைப் பூவுக்குள் பொருத்த எத்தனை முகங்களைப் புரட்டிப் பார்த்து எத்தனை ஒதுக்கியிருக்க வேண்டும்! இவற்றில் பொறுமை இருக்கிறது, கைவேலையின் மீது மரியாதை இருக்கிறது. எழுதியதெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்த இருவருக்கு, ஊரில் வாசகர்களின் கைக்கு நேராகப் போய்ச் சேர இருந்த ஒரே வழி இதுதான். அட்டைகளில் நான் பார்ப்பது வெறுப்பை அல்ல. வாசகர் வேண்டும் என்ற தவிப்பை.

நூலக ஊழியர்களுக்குச் சந்தேகம் வந்தது. கண்காணித்தார்கள், கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் நகராட்சியின் சட்டப்பிரிவு எழுத்தர் சிட்னி போரெட் ஒரு வழி கண்டுபிடித்தார். தெருவில் அநாதையாக நிற்கும் கார் ஒன்று உங்களுடையது என்று தெரிகிறது, அப்புறப்படுத்துங்கள் என்று நோயல் ரோடு முகவரிக்கு ஒரு கடிதம் போட்டார். காரே இல்லாத வீட்டிலிருந்து கோபமாகப் பதில் வந்தது, தட்டச்சில். அந்த எழுத்துகளின் தேய்மானமும் மஞ்சள் உள்மடிப்புகளில் இருந்த எழுத்துகளும் ஒத்துப்போயின. 1962 ஏப்ரல் 28-ஆம் தேதி போலீஸ் வந்து கதவைத் தட்டியது.

உள்ளே நுழைந்தவர்கள் கண்ட காட்சி வேறு. அறைச் சுவர்கள் தரையிலிருந்து கூரை வரை படங்கள். கலை நூல்களிலிருந்து வெட்டியெடுத்த மறுமலர்ச்சி ஓவியங்கள், சிலைகள், முகங்கள், உடல்கள், இடைவெளி விடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக. 72 புத்தகங்களைத் திருடியதாகவும், கலை நூல்களிலிருந்து 1,653 படத்தாள்களை வெட்டியதாகவும் குற்றச்சாட்டு. இருவருக்கும் ஆறு மாதச் சிறை. 'டெய்லி மிரர்' நாளிதழ் குரங்கைக் கொரில்லாவாக்கித் தலைப்பு போட்டது.

இங்கே என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். மேலுறைகளின் பக்கம் நான் நிற்கிறேன். வெட்டிய படத்தாள்களின் பக்கம் நிற்கமாட்டேன். மேலுறை மாறினாலும் புத்தகம் முழுதாக வாசகருக்குக் கிடைத்தது. அந்த 1,653 தாள்கள் அப்படியல்ல. இத்தாலிக்குப் போய் ஓவியம் பார்க்க வசதியில்லாத இஸ்லிங்டன் மக்களுக்கு அந்த நூல்கள்தான் மியூசியம். காசில்லாமல் நூலகத்தையே நம்பி வளர்ந்த எவருக்கும் அந்த இழப்பு புரியும். ஆர்ட்டனும் ஹாலிவெல்லும் அதே ஏழ்மையில் இருந்தவர்கள் என்பதால் இது குறைந்துவிடாது. ஆனாலும் காகிதத்துக்காக ஆறு மாதச் சிறை என்பது அதிகம். தாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள் என்பதுதான் கடுமைக்குக் காரணம் என்று ஆர்ட்டன் நம்பினார். அன்றைய இங்கிலாந்தில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையே குற்றம். 1967 ஜூலையில்தான் அந்தச் சட்டம் தளர்ந்தது.

பதினோரு ஆண்டு சேர்ந்தே இருந்தவர்களைச் சிறை பிரித்தது. ஆர்ட்டன் ஈஸ்ட்சர்ச்சில், ஹாலிவெல் ஃபோர்டில். வெளியே வந்த ஆர்ட்டன் தனியாக எழுதத் தொடங்கினார். 1963-இல் பிபிசி அவருடைய வானொலி நாடகத்தை ஏற்றது. 1964-இல் 'என்டர்டெய்னிங் மிஸ்டர் ஸ்லோன்' மேடை ஏறியது. அடுத்து வந்த 'லூட்' விருது வாங்கியது. அந்த நாடகங்களைப் படித்துவிட்டு நூலக அட்டைகளுக்கு வாருங்கள்: பவிசான நடையில் பேசும் பாத்திரங்கள், அதே நடையில் வெளிவரும் அசிங்கம். மஞ்சள் உள்மடிப்பில் பழகிய கைதான் மேடைக்குப் போயிருக்கிறது. 'லூட்' என்ற தலைப்பைக் கொடுத்தவர் ஹாலிவெல். விருது மேடையில் அவருக்கு இடமில்லை.

ஹாலிவெல் கொலாஜை விடவில்லை. 1967-இல் செல்சியாவின் கிங்ஸ் ரோட்டில் ஒரு பழம்பொருள் கடையில் அவருடைய படைப்புகள் காட்சிக்கு வந்தன. இம்முறை முறையான காட்சி, அவர் பெயரிலேயே. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் வேலையின் உயிர் எதிர்பாராத இடத்தில் இருப்பதுதான். ரோஜா தேடி வந்தவர் குரங்கைச் சந்திக்க வேண்டும். கொலாஜ் பார்க்கவே கிளம்பி வந்தவரைத் திடுக்கிடச் செய்வது கடினம்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் தேதி நோயல் ரோடு அறையில் ஹாலிவெல் ஆர்ட்டனைச் சுத்தியலால் அடித்துக் கொன்றார். தூக்க மாத்திரைகளை விழுங்கித் தானும் இறந்தார். ஆர்ட்டனுக்கு 34 வயது, ஹாலிவெல்லுக்கு 41. அன்றிலிருந்து ஒருவர் நாடகாசிரியர், மற்றவர் கொலைகாரர். ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் 1987-இல் எடுத்த படமும் அந்த உறவின் கதையாகவே நினைவில் நிற்கிறது. நோயல் ரோடு வீட்டுச் சுவரில் நினைவுப் பலகை ஆர்ட்டனுக்கு. ஒரு கொலையை மன்னிக்கும்படி நான் கேட்கவில்லை. ஆனால் கத்தரி பிடித்த கையைக் கலை வரலாற்றிலிருந்து எடுத்துவிட்டால் வரலாறு பொய்யாகிவிடும்.

வழக்கில் சாட்சியாக வந்த அட்டைகளை இஸ்லிங்டன் நூலகம் தூக்கி எறியவில்லை. சேதத்தின் ஆதாரம் என்று பத்திரப்படுத்தி வைத்தது, பிறகு உள்ளூர் வரலாற்று ஆவணமாக்கியது. 2011-இல் இஸ்லிங்டன் அருங்காட்சியகம் அவற்றைப் பார்வைக்கு வைத்தபோது, குற்றப்பத்திரிகையில் இருந்த 'தீங்கெண்ணச் சேதம்' என்ற சொற்றொடரையே காட்சிக்குப் பெயராக்கியது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே ஊரின் பொது நிறுவனம், இருவர் பெயரையும் சேர்த்துப் போட்டது. கண்ணாடிக்குள் போனபின் சிரிப்பு கொஞ்சம் அடங்கிவிடுகிறது என்பது உண்மைதான். அந்த அட்டைகள் கையில் எடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. இருந்தும் இதைவிடப் பொருத்தமான இடம் அவற்றுக்கு இல்லை. திருட்டுக் கொடுத்த நூலகமே காவலிருக்கிறது. அந்தப் பெருந்தன்மையை நான் மனதாரப் போற்றுகிறேன்.

குரங்கும் பச்சை குத்திய மனிதரும் பத்திரிகைகளில் அடிக்கடி வந்துவிட்டார்கள். அதிகம் பேசப்படாதவை, ஷேக்ஸ்பியரின் ஆர்டன் பதிப்பு வரிசைக்குச் செய்த அட்டைகள். அவற்றில் ஆபாசமோ குறும்போ அவ்வளவாக இல்லை. நாடகத்தைப் படித்து, அதன் மனநிலையைப் பிடித்து, பொருந்தும் உருவங்களைத் தேடி அடுக்கிய அட்டைகள். எந்தப் பதிப்பகமும் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம். எதை யார் ஒட்டினார் என்று முழுமையாகப் பிரிக்க முடியாது. ஆயினும் செவ்விலக்கியம் படித்த, கொலாஜில் ஊறிய ஹாலிவெல்லின் கையைத்தான் அவற்றில் அதிகமாகக் காண்கிறேன். அந்த ஷேக்ஸ்பியர் அட்டைகளை மட்டும் தனியே ஓர் அறையில், ஹாலிவெல்லின் பெயரை முதலில் போட்டு, யாராவது காட்சிக்கு வைக்க வேண்டும்.

(தொடரும்)