கங்கை கட்டிய கரையும் கல்கத்தா நகரமும்

கல்கத்தாவில் பல வருஷம் குடியிருந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்த ஊரில் பெய்கிற மழைத் தண்ணீர் எந்தத் திசையில் வடிகிறது? மேற்கே ஹூக்ளி என்னும் கங்கை ஓடுகிறது, ஆகவே மேற்கே என்பார்கள். உண்மை நேர்மாறானது. பெரும்பகுதித் தண்ணீர் நதியை விட்டு விலகிக் கிழக்கே போகிறது. பாமர்பஜார், பாலிகஞ்ச் பம்பு நிலையங்களைத் தாண்டி, கால்வாய் வழியாக வெகுதூரம் சென்று குல்டி ஆற்றில் விழுகிறது.

இதற்குக் காரணம் நதியேதான். வெள்ளம் கரை புரளும்போது தண்ணீரின் வேகம் சட்டென்று குறையும். கனமான மணலும் பருவண்டலும் கரையோரத்திலேயே இறங்கிவிடும். மெல்லிய களிமண் மட்டும் தூரம் போய்த் தங்கும். ஆண்டாண்டு காலம் இப்படி நடந்தால் கரை மேடாகிறது, அதற்கு அப்பாலுள்ள நிலம் பள்ளமாகவே நின்றுவிடுகிறது. சுதாநுட்டி, கல்கத்தா, கோவிந்தபூர் என்ற மூன்று பழைய கிராமங்களும், இன்றைய படாபஜாரும் நதி தானே கட்டிய இந்த மேட்டின்மேல் அமைந்தவை. கிழக்கே உப்பேரியும் சதுப்பும்.

கட்டுகிற நதியே இடிக்கவும் செய்கிறது. வளைவில் வெளிப்பக்கக் கரையைத் தண்ணீர் வேகமாக மோதி அறுக்கும். உள்பக்கம் வேகம் குறைவு, ஆகவே அங்கே மணல் படியும். இப்படி வளைவு பெரிதாகிக்கொண்டே போய், ஒருநாள் வெள்ளம் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராகப் போய்விடும். விட்டுப்போன வளைவு குதிரை லாடம் போன்ற ஏரியாகும். முர்ஷிதாபாத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் பார்க்கும் மோதிஜீல் இப்படி பாகீரதி விட்டுச்சென்ற வளைவுதான்.

நதி நகர்ந்தால் வியாபாரமும் நகரும். திரிவேணிக்குப் பக்கத்தில் சரஸ்வதி என்ற கிளையின் கரையில் இருந்த சப்தகிராமம் ஒரு காலத்தில் வங்கத்தின் பெரிய துறைமுகம். 16ஆம் நூற்றாண்டில் சரஸ்வதி தூர்ந்துபோனது. கப்பல் வரவில்லை, வணிகர்கள் ஹூக்ளிக்கும் கோவிந்தபூருக்கும் பெயர்ந்தார்கள். சேட், பசாக் குடும்பங்கள் அப்படி வந்தவை என்று சொல்வார்கள். 1690இல் ஜாப் சார்னாக் சுதாநுட்டியில் இறங்கியபோது அங்கே ஏற்கெனவே சந்தை இருந்தது. இன்று ஆதிசப்தகிராம் ஒரு சின்ன ரயில் நிலையம், அவ்வளவுதான்.

லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் நம்மவர்கள் இன்னொன்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். காளிகாட் கோயிலுக்கு அருகே ஓடும் டாலி நாலாதான் ஆதிகங்கை, கங்கையின் பழைய வழி. 1770களில் வில்லியம் டாலி என்ற ஆங்கிலேயர் அதைத் தூர்வாரிப் படகுக் கால்வாயாக்கினார். இன்று கரியா வரை அதன் நடுவிலேயே மெட்ரோ தூண்கள் நிற்கின்றன.

நதியின் கணக்கில் மனிதன் கை வைத்தால் ஓரிடத்து வரவு வேறிடத்தில் செலவாக விழும். கல்கத்தாத் துறைமுகத்தின் வண்டலை அடித்துப்போக, விநாடிக்கு 40,000 கன அடி தண்ணீர் திருப்பிவிடலாம் என்ற எண்ணத்தில் 1975இல் ஃபராக்கா அணை திறக்கப்பட்டது. அணைக்கு மேலே வண்டல் தேங்கி, மால்டா பக்கத்துக் கரை ஊர் ஊராக அறுபட்டது. கீழே முர்ஷிதாபாத்திலும் அதே துயரம். நிலம் இழந்தவர்கள், எதிரே புதிதாக எழுந்த 'சர்' என்னும் மணல்திட்டில் குடிசை போடுகிறார்கள். அது எந்த மாநிலத்து நிலம் என்பதே சில இடங்களில் தகராறு.

'சர்' என்ற வங்காளச் சொல் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தமிழிலும் இவற்றுக்குப் பெயர் உண்டென்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீர் குவித்த மணல்மேடு எக்கர். ஆற்றிடைத் தீவு அரங்கம் அல்லது துருத்தி. ஸ்ரீரங்கம் காவிரி நடுவே நிற்கும் அரங்கம். கரையோர வண்டல் நிலம் படுகை.

தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்திருக்கும் என்பது எங்கள் சமண தத்துவம். அதற்கு நதியைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நடைமுறைக்கு வருவோம். சால்ட் லேக் நகரமே 1962 முதல் ஹூக்ளியின் வண்டலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து பள்ளத்தை மேடாக்கிய நிலம். அதற்கும் கிழக்கே மிஞ்சியுள்ள சதுப்பு, 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சுமார் 12,500 ஹெக்டேர். நகரத்தின் கழிவுநீரை வாங்கி மீனாகவும் காய்கறியாகவும் திருப்பித் தருகிறது. அதையும் மண்ணடித்து மனை போட்டுவிட்டால், மழைத் தண்ணீர் நம் வீட்டு வாசலில்தான் நிற்கும். ஆகவே மனையோ ஃபிளாட்டோ வாங்குகிறவர்கள் பத்திரத்தில் வில்லங்கம் பார்ப்பது போலவே, அந்த இடம் முன்பு நதி கட்டிய மேடா, தண்ணீர் தங்கிய பள்ளமா என்றும் விசாரியுங்கள். அக்கம்பக்கத்து வங்காளிப் பெரியவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.