கையில் இருக்கும் ஆட்டின் பலம்

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயரை எதிர்கொண்ட பிரெஞ்சுத் தளபதி லாலி, கோட்டை முற்றுகையை விட மனமில்லாமல் ஒரு பிரிவை அங்கேயே நிறுத்திவிட்டு, மீதிப் படையோடு மோதினார். தோற்றார். மறு ஜனவரியில் புதுச்சேரியே சரணடைந்தது. எந்தப் பிரிவை எங்கே நிறுத்துவது, எதைச் சேமப்படையாக, அதாவது இன்னும் களமிறக்காத கையிருப்பாக வைத்துக்கொள்வது? பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்திப் போராடுகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். ஹெச்.ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' நூலில், எதிராளி பார்க்காமல் படையை நிறுத்த நடுவில் திரை கட்டச் சொல்கிறார். நம் ஆடுபுலி ஆட்டத்தில் திரை கிடையாது. ஆனால் ஆட்டமே இந்தக் கேள்விதான்.

பலகையில் உச்சியிலிருந்து நான்கு கோடுகள் இறங்கி அடிக்கோட்டைத் தொடும். மூன்று குறுக்குக் கோடுகள் அவற்றைக் கடந்து இருபுறமும் நீளும். அவற்றின் நுனிகளைப் பக்கக் கோடுகள் இணைக்கும். மொத்தம் 23 முனைகள். மூன்று புலிகள் உச்சிப் பக்கம் நிற்கும். 15 ஆடுகளும் கையில். முறைக்கு ஒன்றாக இறக்க வேண்டும். எல்லாம் இறங்கும்வரை வைத்த ஆடு நகராது. புலியோ நகரும், ஆட்டுக்கு நேர் பின்னே முனை காலியென்றால் தாண்டி வெட்டும்.

இப்போது கோடுகளை உற்றுப் பாருங்கள். பக்கங்களின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரண்டு நுனிகள் ஆகிய ஆறிலும் கோடுகள் முடிந்துபோகின்றன. தாண்டி இறங்க இடமே இல்லாததால் அங்கே நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட முடியாது. இந்த ஆறும் நிரம்பியதும் பக்கக் கோடுகளின் நடு முனைகள் பத்திரமாகின்றன. பிறகு அடிக்கோட்டின் நடு இரண்டு, அதற்கு மேல் வரிசையில் நான்கு, அதற்கும் மேலே ஓரத்தில் ஒன்று. புலி குறுக்கிடாவிட்டால் 15 ஆடுகளையும் ஒரு வெட்டும் வாங்காமல் இறக்கிவிடலாம்! ஓரத்திலிருந்து உள்நோக்கி நெய்துகொண்டே வரும் இந்த ஒழுங்கு, சாதாரணக் கோடுகளுக்குள் ஒளிந்திருப்பது எனக்குத் தீராத வியப்பு.

புலி சும்மா இருக்குமா? ஒரு மூலையில் வந்து உட்கார்ந்து நெசவைக் கலைக்கும். அதற்கும் விலை உண்டு. பலகை நடுவில் நிற்கும் புலியை நகரவிடாமல் அடைக்க எட்டு ஆடுகள் வேண்டும். மூலைக்கு நான்கே போதும். கையில் ஆடு மிச்சமிருக்கும்வரை அந்த நான்கில் ஒன்று எந்தக் காலி முனையிலும் வந்து விழலாம் என்ற அச்சம் புலிக்கு இருந்துகொண்டே இருக்கும்.

மூன்று புலிகளும் 15 ஆடுகளும் பலகையில் நிற்கக்கூடிய விதங்கள் மட்டும் 2,74,57,584. நொடிக்கு ஒன்று பார்த்தாலும் 317 நாளுக்கு மேல் ஆகும். இதே வகை நேபாள ஆட்டமான பாக்சாலில் புலி நான்கு, ஆடு இருபது. இருவரும் பிழையின்றி ஆடினால் அது சமனில் முடியும் என்று கணினியால் நிறுவியிருக்கிறார்கள்.

பதினைந்தாவது ஆடு இறங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. இனி முறைதோறும் ஏதாவது ஓர் ஆடு நகர்ந்தே ஆக வேண்டும். முன்னேறும் ஆடு எப்போதும் தான் விட்டுவந்த முனையைத் தன் முதுகுக்கு நேர் பின்னே காலியாக வைக்கிறது; எதிரே புலி நின்றால் அதற்கு வேண்டியது அந்த ஓட்டைதான். அதை அடைக்க இன்னொரு ஆடு பின்னாலேயே வரவேண்டும். கையிலிருந்து ஒரே முறையில் நடந்த வேலைக்கு இப்போது இரண்டு முறை செலவாகிறது.